வைக்கோல் நனைஞ்சா மாட்டுக்கு என்ன போடுறது? கடலூர் மாவட்ட மாடு வளர்ப்பவர்கள் மாறியது எப்படி?

திருப்பாதிரிப்புலியூர் டீக்கடைகளுக்கு விடியற்காலையில் வரும் பாலுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கு. அது தீவனக் கணக்கு. கடலூர், சிதம்பரம் பக்கம் மாட்டுக்கு ஆதாரமே நெல் வைக்கோல்தான். இப்போ அதுதான் சிக்கல்.

என்ன பிரச்னை?

கையால் அறுத்த காலத்தில் வைக்கோல் நீளமா, சுத்தமா கிடைக்கும். அறுவடை மெஷின் வந்தபிறகு அது நசுங்கி, வயலில் சிதறிப்போகுது. பேலர் மெஷின் வச்சு உருளையா கட்டணும், அதுக்குத் தனி வாடகை. இன்னொரு பக்கம் மழை. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என கடலூர் பார்க்காத அடி இல்லை. போர் நனைஞ்சு பூஞ்சை பிடிச்சா, அதை மாட்டுக்குப் போடவே கூடாது. இத்தனைக்கும் வைக்கோலில் புரதம் 3-4 சதவீதம்தான். வயிறு நிரம்பும், பால் ஏறாது.

கோ-4 புல் ஏன் பேசப்படுது?

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இது. விதை கிடையாது, கரணைதான் நடணும். முதல் அறுப்பு 75-80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. ஹெக்டேருக்கு வருஷத்துக்குச் சுமார் 380 டன் வரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. சில சென்ட் நிலம் இருந்தாலே ஒரு மாட்டுக்கு உதவும். ஆனா தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். அதனால் பள்ளக்காலில் நடாம மேட்டுப் பாங்கான இடமா பாருங்க. புல்லை மட்டுமே போடாம வேலிமசால், காராமணி மாதிரி பயறுவகைத் தீவனமும் சேர்க்கணும்: மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு.

மழைக்காலத்துக்கு?

உபரிப் புல்லை நறுக்கி, லேசா வாடவிட்டு, காத்து புகாம குழியிலோ பையிலோ அழுத்தி மூடினா ஊறுகாய்ப் புல். சுமார் 45 நாளில் தயார். போர் நனைஞ்சாலும் இது கைகொடுக்கும்.

நல்ல வைக்கோலையும் சத்தாக்கலாம். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைச்சுத் தெளிச்சு, 21 நாள் மூடி வைக்கணும். அளவு கூடினா விஷம், இதில் 'கண் அளவு' வேலைக்கு ஆகாது. பிரிச்சு, நெடி போன பிறகே போடணும். ஆறு மாசத்துக்குக் குறைந்த கன்றுக்குட்டிக்கு வேண்டாம்.

எதில் உஷார்?

தீவனச் சோளத்தில். பூக்கும் முன், அதுவும் தண்ணியில்லாம வாடின இளம் பயிரை மேய்ஞ்ச மாடு நிமிஷக் கணக்கில் விழுந்துடும். காரணம் அதில் இருக்கும் சயனைடு.

விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ கேட்டா தீவனப் பயிர் பற்றி ஆலோசனை கிடைக்கும்.