திரையிட்ட சோதனை

சங்கீதத்தைச் செவிமடுத்து அனுபவிப்பது செய்யூருக்குப் புதிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனங்கள் இயற்றிப் புகழெய்திய செங்கல்வராய சாஸ்திரியார் இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே வழங்கப் பெற்றவர். கந்தசுவாமி கோயில் உற்சவங்களில் நாகசுரமும் தவிலும் முழங்க, வீதியில் நின்று கேட்டுப் பழகிய ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பிரதேசத்தில் இருந்து வந்திருக்கிறார்கள். அக்காலத்தில் பாடுகிறவருடைய தொண்டைக்கும் கேட்கிறவருடைய காதுக்கும் இடையே காற்றைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. இயந்திரம் என்று ஒன்று வந்து இடையில் அமர்ந்த பிறகுதான், அந்த இயந்திரத்தைச் செம்மைப்படுத்துவதாகச் சொல்லும் உபகரணங்களும், அவற்றை விற்கும் வியாபாரமும், அவற்றால் நாதம் மேம்பட்டதாக உளமார நம்பும் ரசிகர்களும் தோன்றினர். இந்த நம்பிக்கைகளில் எது மெய், எது மயக்கம் என்று பிரித்தறிவதற்கு மனிதர் கண்டுபிடித்த முறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதன் மிகப் பெரிய அத்தியாயங்களுள் ஒன்று செய்யூர் அடங்கியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவிலேயே நடந்தது என்பதை நம்மவர்களில் பலர் அறியார்.

இயந்திரத்தின் வரவை முதலில் பார்ப்போம். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து இந்திய மண்ணில் முதன்முதலாக நம் நாட்டுப் பாடகர்களின் குரல்களைத் தட்டுகளில் பதிந்தார். 1928-இல் அங்கே டம்டம்மில் பெரிய தொழிற்சாலை எழுந்த பிறகு இசைத்தட்டுகள் சிற்றூர்ச் செல்வர் வீடுகளையும் எட்டின. தட்டோடு கூடவே ஊசிப் பெட்டியும் வந்தது. உரத்த ஒலிக்கு ஒரு ஊசி, மெல்லிய ஒலிக்கு வேறொன்று என்று தனித்தனியே விற்றார்கள். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒரு முறைதான் உபயோகிக்கலாம் என்றும் எச்சரித்தார்கள். இவை பொய்யல்ல. ஊசியின் பருமனும் வடிவமும் ஒலியின் அளவை மாற்றவே செய்தன. தேய்ந்த ஊசி தட்டை அரித்துக் கெடுக்கவே செய்தது.

அது போலவே, உபகரணம் எதுவானாலும் அதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் என் கட்சியன்று. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கரணையை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது வெறும் கறுப்புப் பூச்சு. ஆனால் தோற்கருவிகளுக்கு இயல்பில் இல்லாத, ஒன்றுக்கொன்று இசைந்த மேற்சுரங்களை அந்தக் கனமே உண்டாக்குகிறது என்பதைச் சர் சி. வி. ராமன் 1920-இல் வெளியிட்டு, 1934-இல் விரிவாக நிறுவினார். கைவினைஞர்கள் செவியாலும் விரலாலும் கண்ட உண்மையை அளவைகளும் உறுதிப்படுத்தின. மெய்யான நுட்பம் பரிசோதனைக்கு அஞ்சுவதில்லை.

இசைத்தட்டுக்குப் பின் திருவிழாக்களில் கூம்புக் குழாய்களோடு மைக்செட் வந்தது. பிறகு பாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ஒலிநாடாவில் பதிந்து வாங்கும் ரிக்கார்டிங் கடைகள் ஒவ்வொரு சிறு பட்டணத்திலும் தோன்றின. அதற்கும் பின் குறுந்தகடு வந்தது. குறுந்தகட்டின் காலத்தில்தான், மேல்நாடுகளில், ஆச்சரியமான சரக்குகள் கடைகளுக்கு வரத் தொடங்கின. தகட்டின் விளிம்பில் பச்சை மை பூசினால் நாதம் தெளிவடையும் என்றார்கள். சாதாரணக் கடிகாரம் ஒன்றைப் பக்குவப்படுத்திச் சுவர் மின்செருகியில் மாட்டினால் வீட்டிலுள்ள ஒலிபெருக்கிகள் இனிமை பெறும் என்று விற்றார்கள். கம்பிகளைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு பீடங்கள், பெட்டியின் மேல் வைக்கும் கற்கள், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் மின்கம்பிகள் என்று பட்டியல் நீண்டது. இன்று அவை கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வருகின்றன.

இவற்றை வாங்கி மாட்டியவர்கள் வித்தியாசம் கேட்கிறது என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் மெய்யாகவே கேட்கிறார்கள். காது தனித்து இயங்கும் கருவியன்று. கண் கண்டதும், கை கொடுத்த விலையும், மனம் எதிர்பார்த்ததும் சேர்ந்தே செவியின் அனுபவத்தை உருவாக்குகின்றன. மருந்தே இல்லாத மாத்திரையை மருந்தென்று நம்பி உண்டவனுக்கு வலி குறைவது எப்படியோ அப்படியே இதுவும். வலி குறைந்த அனுபவம் மெய். மாத்திரையில் மருந்து உண்டு என்ற முடிவுதான் தவறு.

இந்த உண்மையை முறைப்படி வெளிப்படுத்திய முதற்பெரும் விசாரணை 1784-இல் பிரான்ஸில் நடந்தது. காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மரின் வைத்தியத்தை ஆராய மன்னர் பதினாறாம் லூயி நியமித்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாசியேயும் இருந்தார்கள். நோயாளிகளின் கண்ணைக் கட்டினார்கள். காந்தமூட்டப்பட்ட மரம் ஒன்று தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஒரு சிறுவனை அழைத்துச் சென்றபோது, அவன் வேறொரு மரத்தடியில் மூர்ச்சித்து விழுந்தான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் எலிஷா பெர்கின்ஸ் என்பவர் இரண்டு உலோகக் கோல்களை உடலில் தடவி வலியைப் போக்குவதாகச் சொல்ல, அவை ஐந்து கினி விலைக்கு விற்பனையாக, இங்கிலாந்தின் மருத்துவர் ஜான் ஹேகார்த் மரத்தில் அதே வடிவில் கோல்கள் செய்து உலோகம்போல் வண்ணம் தீட்டித் தடவிப் பார்த்தார். ஐந்து நோயாளிகளில் நால்வர் குணம் கண்டதாகச் சொன்னார்கள். விலையுயர்ந்த உலோகக் கம்பியைப் பற்றிய இன்றைய விவாதம் முழுவதும் அந்த மரக்கோலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். அந்நாளில் மதுராந்தகம் தாலுகாவில் செய்யூர் அடங்கியிருக்க, செங்கற்பட்டு ஜில்லா வடக்கே திருவள்ளூரையும் கடந்து பரவியிருந்தது. 1997-இல்தான் திருவள்ளூர் தனியே பிரிந்தது. இந்தச் சீமையை வாட்டிய நோய்களுள் க்ஷயம் முதன்மையானது. இங்கிலாந்தில் பல்லாண்டு வைத்தியம் செய்து திரும்பிய டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் ஒன்றை நிறுவினார். 1937-இல் அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதன் நினைவாகவே அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்ல காற்று, பூரண ஓய்வு, புஷ்டியான ஆகாரம் ஆகிய மூன்றும் இல்லாமல் க்ஷயம் தீராது என்பது அன்று உலகம் முழுவதிலும் வைத்தியர்கள் கொண்டிருந்த அபிப்பிராயம். மருந்தே இல்லாத காலத்தில் அந்த மகான் செய்த சேவையைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் அருகதையில்லை. எனினும் மருந்துகள் வந்த பிறகு, மருந்தோடு கூட இவையும் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடை காணும் பொருட்டு, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷய ரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில், நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்தார்கள். குறைந்த ஆகாரம் உண்டார்கள். உழைப்பையும் முற்றிலும் விட முடியவில்லை. 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டில் குணமானவர்களின் விகிதம் சானடோரியத்தில் குணமானவர்களின் விகிதத்துக்கு ஏறக்குறைய ஒத்தே இருந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டதே பலனளித்தது. பெருஞ்செலவுள்ள துணைச் சாதனங்கள் அனைத்தும் இன்றியமையாதவை என்ற நூற்றாண்டு நம்பிக்கை, ஒப்பிட்டுப் பார்த்த ஒரே சோதனையில் உதிர்ந்தது. ஏழை நோயாளி மனைவி மக்களைப் பிரிந்து படுக்கைக்காகக் காத்திராமல் வீட்டிலிருந்தே பிழைக்கலாம் என்றாயிற்று. சந்தேகம் கேட்பது கருணைக்கு விரோதமானது என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது க்ஷயத்தைத் தடுப்பதற்கான பி.சி.ஜி. ஊசி. 1948-இல் கிண்டியில் இதற்கென ஆய்வுக்கூடம் அமைந்து, நாடெங்கும் ஊசி போடும் இயக்கம் தொடங்கிய பிறகு, ராஜாஜி 1955-இல் அதனைக் கடுமையாக எதிர்த்துச் சிறுநூல் ஒன்றும் எழுதினார். அரசாங்கத்தார் பலன் உண்டு என்றார்கள்; அவர் நிரூபணம் போதாது என்றார். மேடைப் பேச்சுகளால் தீரக்கூடிய வழக்கன்று அது. 1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு, செங்கற்பட்டு ஜில்லாவின் திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில் மாபெரும் பரிசோதனையைத் தொடங்கிற்று. இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்கள். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள். சிலருக்கு முழு அளவு மருந்து, சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தற்ற வெறுங்கரைசல். யாருக்கு எது போடப்பட்டது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பின்னர் அவரைப் பரிசோதித்தவருக்கும் தெரியாது. இந்த இரண்டாவது மறைப்புத்தான் முக்கியம்; எக்ஸ்ரே படத்தில் நிழலைத் தேடும் நிபுணரின் கண்ணும், விருப்பமுள்ளதைக் காணும் மனிதக் கண்ணே அல்லவா?

ஏழரை ஆண்டுத் தொடர்பரிசோதனையின் முடிவு 1979-இல் வெளியாயிற்று. பெரியவர்களிடம் தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் க்ஷயத்தைத் தடுப்பதில் அந்த ஊசிக்கும் வெறுங்கரைசலுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் பின்னர் அதையே உறுதி செய்தது. குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பாதுகாப்புத் தென்பட்டது. சிசுக்களை மூளைக்காய்ச்சல் வகை க்ஷயத்தினின்றும் அந்த ஊசி காக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளால் தெளிவாகையால், பிறந்த குழந்தைக்கு அதைப் போடும் வழக்கம் நியாயமாகவே இன்றும் தொடர்கிறது. நான் இங்கே போற்றுவது ஒன்றையே: அந்த ஊசியை நாடெங்கும் பரப்பிய அதே அரசாங்கத்தின் ஸ்தாபனம் தனக்குப் பாதகமான முடிவை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தது. நம் பக்கத்துக் குடியானவர்கள் லட்சக்கணக்கில் கை நீட்டி ஒத்துழைத்ததன்றி அது சாத்தியமாயிராது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒலி வியாபாரத்துக்குத் திரும்பினால் காட்சி மாறிவிடுகிறது. சோதனை நடத்துகிறவன் விற்பவனாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எடிசனே சாட்சி. 1915 முதல் பத்தாண்டுகள் அவர் கம்பெனி அரங்குகளில் விளக்கை அணைத்துப் பாடகியையும் இசைத்தட்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, எவராலும் வேறுபாடு காண முடியவில்லை என்று விளம்பரம் செய்தது. தம் குரலை இயந்திரத்தின் குரலுக்கு ஒத்துவரும்படி அமைத்துக்கொண்டே பாடியதாகப் பாடகி அன்னா கேஸ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

நேர்மையான சோதனைகள் பின்னரே வந்தன. 1983-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பருத்த விலையுயர்ந்த ஒலிபெருக்கிக் கம்பியையும் விளக்குக்கு இழுக்கும் சாதாரணக் கம்பியையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தபோது, சங்கீதத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. 1994-இல் ஒலியியல் ஆராய்ச்சியாளர்கள் பிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நாற்பது பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், ஒலிபெருக்கிகளைக் கண்ணால் பார்த்தபடி கொடுத்த மதிப்பெண்கள் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறிவிட்டன. பெரிதும் அழகுமாயிருந்தவை பார்வையின் தயவால் பெற்ற உயர்வை இழந்தன. ஸ்டிராடிவாரியின் பழம்பெரும் வயலின்களும் இதற்கு விலக்கல்ல. கண்ணை மறைத்து வாசித்துப் பார்த்த தேர்ந்த வித்வான்களில் பலர் புதிய வயலின்களையே விரும்பியதாக 2012-இலும் 2014-இலும் ஆராய்ச்சிகள் வெளிவந்தன. 2007-இல், போலி உரிமைகோரல்களைச் சோதித்து அம்பலப்படுத்திவந்த மாயாஜால வித்தகர் ஜேம்ஸ் ராண்டி, ஏழாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள கம்பியைச் சாதாரணக் கம்பியினின்றும் காதால் மட்டும் கண்டறிபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறைகூவினார்; கம்பியைச் செய்தவர்கள் பின்வாங்கினர், சோதனை நடக்கவேயில்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஐந்து மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் அதன் மின்தடை 0.07 ஓம், எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு முன் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் கடற்கரைப் பிரதேசத்தில் மெய்யான பகை வேறு: செய்யூர் உப்பளங்களின் மேல் வீசிவரும் காற்று இணைப்புகளில் பச்சைக் களிம்பேற்றிவிடும். அதை அவ்வப்போது துடைத்து இறுக்குவது, ஒலிபெருக்கியைத் தக்க இடத்தில் நிறுத்துவது, எதிரொலிக்கும் வெறுஞ்சுவருக்குத் துணி தொங்கவிடுவது ஆகியவற்றால் விளையும் நன்மை அளவிட்டுக் காட்டக்கூடியது, செலவோ அற்பம்.

ஆகவே, கோயில் மண்டபத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கல்யாணக் கூடத்துக்கோ ஒலிச் சாதனம் வாங்கும் தர்மகர்த்தாக்களும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும், பொதுப்பணத்தைச் செலவிடுமுன் விற்பவரிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு சாதனங்களையும் ஒரு வேஷ்டித் திரைக்குப் பின்னால் வையுங்கள். இரண்டின் ஒலி அளவையும் கருவி வைத்துச் சமமாக்குங்கள், ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பதை நம் காது நல்லதென்று எண்ணிவிடும். எது ஒலிக்கிறது என்பதை அறியாத ஒருவர் விடைகளைக் குறித்துக்கொள்ளட்டும். இருபது முறை மாற்றி மாற்றிக் கேட்போம். பதினைந்து முறையாவது சரியாகச் சொல்ல முடிந்தால் கேட்ட விலை கொடுங்கள். இதற்கு இணங்காதவரிடம் வாங்காதீர்கள்.