வெல்லமாட்டார்கள் என்று தெரிந்தும்: கனடிய மாகாணத் தேர்தல்களில் கம்யூனிஸ்டுகள்

ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் வரும்போதெல்லாம் சில தொகுதிகளில் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர்கள் நிற்பார்கள். கிடைப்பது பெரும்பாலும் சில நூறு வாக்குகள். "வெல்லாதவருக்கு ஏன் வாக்கு?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அவர்களின் வரலாற்றைப் படித்தபின் கேள்வி மாறிவிட்டது.

இக்கட்சி 1921 இல் ஒன்ராறியோவின் குவெல்ப் நகருக்கு அருகே ஒரு களஞ்சியக் கொட்டிலில் இரகசியமாகத் தொடங்கப்பட்டது. 1931 இல் தலைவர் ரிம் பக் உள்ளிட்டோர் குற்றவியல் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் சிறை சென்றனர். 1936 இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. 1940 இல் கட்சி மீண்டும் தடைசெய்யப்பட்டது.

ஆயினும் 1943 இல் ஜே. பி. சால்ஸ்பேர்க், ஏ. ஏ. மக்லியோட் என்ற இரு கம்யூனிஸ்டுகள் ரொறன்ரோவிலிருந்து மாகாண சபைக்குத் தெரிவாகினர். பின்னர் தொழிலாளர் முற்போக்குக் கட்சி என்ற பெயரில் இயங்கினர். இன, மத வெறுப்பு அறிவிப்புப் பலகைகளைத் தடுத்த 1944 ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் சால்ஸ்பேர்க் முக்கியமானவர். மனிற்றோபாவில் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காலை இழந்த பில் கார்டாஷ் 1941 முதல் 1958 வரை சபையில் இருந்தார். பனிப்போர் வளர, இந்த ஆசனங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின.

அதற்குப் பிறகும் ஒரு பெரிய வெற்றி கிடைத்தது. அது கிடைத்த இடம் நீதிமன்றம். 1993 மத்திய தேர்தலில் 50 வேட்பாளர்களை நிறுத்த முடியாததால் கட்சி பதிவை இழந்தது. கடன் போக எஞ்சிய சொத்தை அரசிடம் ஒப்படைக்கும்படி சட்டம் கூறியது. தலைவர் மிகேல் பிகரோவா வழக்குத் தொடுத்தார். 2003 ஜூனில் கனடிய உச்ச நீதிமன்றம் அந்த 50 வேட்பாளர் விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஆட்சி அமைக்க வாய்ப்பில்லாத கட்சியும் மக்கள் விவாதத்துக்குக் கருத்துகளைக் கொண்டுவருகிறது என்பதே தீர்ப்பின் சாரம். இதன் பயன் எல்லாச் சிறு கட்சிகளுக்கும் கிடைத்தது.

நம்மிடமும் இப்படியொரு குரல் இருந்தது. 1956 இல் பருத்தித்துறையில் வென்ற கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் பொன். கந்தையா, தனிச் சிங்களச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார்.

"வாக்கைச் சிதறடிக்காதீர்கள்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அழிவின் நடுவே அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால், மாற்றுக் கருத்துடையவர் அச்சமின்றி வேட்புமனு கொடுக்கும் உரிமையும் நாம் இழந்தவற்றில் ஒன்று. 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபைக்கு ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. வாக்குச்சீட்டே இல்லாத இடத்தில் வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை.