லிவிங்ஸ்டோனியா மிஷன்: மலாவிக் கிராமங்களில் பள்ளியும் திருச்சபையும்

லிவிங்ஸ்டோனியா மிஷன் என்பது இன்றைய மலாவி நாட்டில் 1875ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டுச் சுதந்திரத் திருச்சபை தொடங்கிய கிறித்தவப் பணி நிலையமாகும். மதம் பரப்புதல், மருத்துவம், கைத்தொழில் பயிற்சி, கிராமப் பள்ளி ஆகிய நான்கையும் அது ஒருங்கே நடத்தியது. அப்போது நியாசா ஏரி எனப்பட்ட மலாவி ஏரியின் மேற்குக் கரையில் எழுத்தறிவு பரவியதற்கு இந்த மிஷனே முதற்காரணம். ஆனால் அதை வெள்ளைக்கார மிஷனரிகளின் சாதனையாக மட்டும் எழுதினால் வரலாறு பாதியாகிவிடும். அந்தப் பள்ளிகளைக் கட்டியவர்களும், நடத்தியவர்களும், பிறகு மிஷனையே கேள்வி கேட்டவர்களும் ஆப்பிரிக்கர்கள்தாம்.

ஏரிக்கரையில் முதல் நிலையம்

பயணி டேவிட் லிவிங்ஸ்டன் 1873 மே மாதத்தில் ஆப்பிரிக்காவில் இறந்தார். அடுத்த ஆண்டு அவரது உடல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நினைவாக ஏரிக்கரையில் ஒரு மிஷன் தொடங்க வேண்டும் என்று ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் அதே 1874இல் திருச்சபையின் பொதுப்பேரவையில் கோரினார். கிழக்குக் கடற்கரைச் சந்தைகளுக்கு அடிமைகளைக் கொண்டு செல்லும் வழிகள் அன்று அந்த ஏரியைக் கடந்து சென்றன. அடிமை வணிகத்தைத் தடுக்க மதமும் நேர்மையான வணிகமும் சேர்ந்து வர வேண்டும் என்பது லிவிங்ஸ்டன் விட்டுச் சென்ற எண்ணம். கிளாஸ்கோ நகர வணிகர்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

கடற்படை அதிகாரி இ. டி. யங் தலைமையில் ஒரு சிறு குழு புறப்பட்டது. அதில் ஒருவர்தான் மருத்துவரும் போதகருமான ராபர்ட் லாஸ். அபர்டீன் நகரத்து மரவேலைக்காரரின் மகன், தாமும் அத்தொழிலைப் பழகியவர். அடுத்த ஐம்பது ஆண்டுகள் இந்த மிஷனின் முகமாக அவரே விளங்கினார்.

இவர்கள் 'இலாலா' என்ற சிறு நீராவிப் படகைக் கொண்டுவந்தனர். லிவிங்ஸ்டன் உயிர்நீத்த பகுதியின் பெயர் அது. ஷிரே ஆற்றில் பாறைகளும் அருவிகளுமாக ஒரு நீண்ட தொலைவு படகு செல்ல முடியாது. எனவே படகைத் துண்டு துண்டாகக் கழற்றி, நூற்றுக்கணக்கான உள்ளூர் ஆட்கள் தலையிலும் தோளிலும் சுமந்து மேட்டு நிலம் ஏறினர். மேலே மீண்டும் பூட்டப்பட்ட படகு 1875 அக்டோபரில் ஏரிக்குள் நுழைந்தது. யங்கின் பெயரும் லாஸின் பெயரும் எல்லா நூல்களிலும் உண்டு. இரும்புத் தகடுகளைச் சுமந்தவர்களின் பெயர்களைக் காண்பது அரிது.

முதல் நிலையம் ஏரியின் தென்முனையில் மெக்ளியர் முனையில் அமைந்தது. 1876இலேயே லாஸ் அங்கு குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார். ஆனால் இடம் சரியில்லை. சுற்றிலும் மக்கள் குறைவு, மலேரியா மிகுதி. காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து இருந்தது. ஆனால் அதைப் பரப்புவது கொசு என்பது அன்று யாருக்கும் தெரியாது. அதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் ஆராய்ந்து கண்டறிந்தது 1897இல்தான். மிஷனரிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அவர்களது கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. முதல் திருமுழுக்கு பெற்ற உள்ளூர்வாசி ஆல்பர்ட் நமலம்பே. அது நடந்தது 1881இல், அதாவது ஐந்தாண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு. அதே ஆண்டில் மிஷன் வடக்கே பண்டாவே என்ற ஏரிக்கரை ஊருக்கு இடம் பெயர்ந்தது.

தெற்கிலிருந்து வந்த ஆசிரியர்கள்

பண்டாவேயில் வாழ்ந்தவர்கள் டோங்கா மக்கள். மேற்கே மலைநாட்டில் ங்கோனி மக்கள் வலுவான போர்ப்படையுடன் ஆண்டுவந்தனர். ங்கோனியர் 1830களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து சாம்பேசி ஆற்றைக் கடந்து வந்தவர்களின் வழியினர். அவர்களது தாக்குதலுக்கு அஞ்சிய டோங்கா தலைவர்களுக்கு மிஷன் அருகில் இருப்பது ஒரு பாதுகாப்பாகத் தெரிந்தது. அவர்கள் மிஷனை வரவேற்றதில் வேதத்தின் மீதான ஆர்வத்தைவிட இந்தக் கணக்கே முதலில் இருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

ங்கோனியரிடம் சென்று பேசும் வேலை வில்லியம் கோயி என்பவருடையது. இவர் தென்னாப்பிரிக்காவின் சோசா இனத்தவர், அங்குள்ள லவ்டேல் மிஷன் பள்ளியில் படித்தவர் (நீலகிரியில் உள்ள லவ்டேல் வேறு). 1876இல் லவ்டேலிலிருந்து முன்வந்து வடக்கே சென்ற நால்வரில் இவர் ஒருவர். மற்றவர்கள் ஷத்ராக் ங்குனானா, மபாஸா ந்தின்டிலி, ஐசக் வாச்சோப். மெக்ளியர் முனைப் பள்ளியில் பாடம் நடத்திய ங்குனானா 1877இல் அங்கேயே இறந்தார். நோயுற்ற வாச்சோப் விரைவில் ஊர் திரும்பினார். அவர் முதல் உலகப்போரின்போது 1917இல் 'மெண்டி' என்ற கப்பல் மூழ்கியதில் உயிரிழந்த நூற்றுக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர் படையினருடன் மாண்டார்.

ங்கோனியர் பேசிய மொழி சூலு மொழிக்கு நெருங்கியது. கோயியின் தாய்மொழியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ங்கோனித் தலைவர் ம்ம்பெல்வாவின் அவையில் அவரால் நேராகப் பேச முடிந்தது. ஸ்காட்லாந்துக்காரர் எவருக்கும் வாய்க்காத தகுதி இது. ஆனாலும் ங்கோனி மூத்தோர் பல ஆண்டுகள் பள்ளிக்கு இசையவில்லை. புத்தகம் படித்த பிள்ளை ஈட்டி தூக்குவானா என்ற அவர்களின் ஐயம் காரணமற்றதன்று. ஓர் ஆட்சியே போர்ப்படையை நம்பி நின்றபோது, பள்ளி என்பது அதன் அடித்தளத்தைத் தொடும் விஷயம். அதற்கிடையிலும் மவெலேரா தெம்போ போன்ற சில இளைஞர்கள் இரவில் மறைவாக வந்து எழுத்துக் கற்றனர். பின்னாளில் மவெலேரா தம் மக்களின் இசை மரபில் கிறித்தவப் பாடல்கள் இயற்றிப் புகழ்பெற்றார். 1886இல் பள்ளி நடத்த வெளிப்படையான அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு கோயி காலமானார்.

கிராமப் பள்ளிகள்

அடுத்த முப்பது ஆண்டுகளில் நடந்ததே இந்த மிஷன் வரலாற்றின் மையப் பகுதி. மண்சுவரும் புல்கூரையும் கொண்ட பள்ளிகள் ஊர் ஊராக எழுந்து, நூற்றுக்கணக்கில் பெருகின. பள்ளிக் கட்டடத்தை ஊராரே கட்டினர். பயிர் வேலை மிகுந்த மழைக்காலத்தை விட்டு, வறண்ட மாதங்களிலேயே பெரும்பாலும் பள்ளி நடந்தது. வகுப்பில் சிறுவரோடு பெரியவர்களும் அமர்ந்தனர். ஒரு மிஷனரி ஆண்டுக்குச் சில முறை மேற்பார்வைக்கு வந்துபோவார். மற்ற நாட்களில் பாடம் சொன்னதும், ஞாயிறு வழிபாடு நடத்தியதும், ஊர்த் தலைவரோடு பேச்சுவார்த்தை செய்ததும் உள்ளூர் ஆசிரியரே. அவர் பெரும்பாலும் தம் மாணவரைவிட இரண்டு மூன்று வகுப்பே கூடுதலாகப் படித்தவர். ஆசிரியப் பயிற்சி பற்றி இன்று பேசுவோர் இந்த நிலையை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மக்கள் ஏன் இவ்வளவு ஆர்வம் காட்டினர்? 1891இல் இப்பகுதி பிரித்தானியப் பாதுகாப்பில் வந்தது. பிறகு குடிசை வரி விதிக்கப்பட்டது. வரியைப் பணமாகச் செலுத்த வேண்டும். பணம் கிடைக்கும் தோட்டங்களும் சுரங்கங்களும் தெற்கே இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவன் அங்கே மண்வெட்டிக்குப் பதில் பேனா பிடிக்கலாம், எழுத்தராகலாம், கடைக்கணக்கு எழுதலாம். டோங்கா இளைஞர் பலர் இவ்வழியில் சென்றனர். வேதம் வாசிக்கவென மிஷன் கற்பித்த எழுத்தை, வாழ்வு தேடவென மக்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

1894இல் லாஸ் ஏரிக்கு மேலே உயர்ந்த கொண்டோவே பீடபூமியில் ஒரு பெரிய கல்வி நிலையத்தைத் தொடங்கினார். ஆசிரியப் பயிற்சி, தச்சு, கட்டடவேலை, அச்சு, தந்தி, வேளாண்மை அனைத்தும் அங்கு கற்பிக்கப்பட்டன. மருத்துவமனையும் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குழாய்த் தண்ணீரும் நீர்மின்சாரமும் வந்தன. ஏரிக்கரையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் சாலை இன்றும் பயணிகளைத் திணறவைக்கிறது.

இந்த நிலையத்துக்குப் பெருங்கொடை அளித்தவர் ஓவர்டூன் பிரபு. எனவே அது ஓவர்டூன் நிலையம் எனப் பெயர் பெற்றது. கிளாஸ்கோ அருகே குரோமிய வேதிப்பொருள் தயாரிக்கும் ஆலையின் உரிமையாளர் அவர். ஓய்வுநாள் ஒழுக்கத்தை வலியுறுத்தியவரும்கூட. ஆனால் அவருடைய ஆலையில் தொழிலாளர்கள் நாளுக்கு 12 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, வேலை செய்தனர். குரோமியத் தூளால் அவர்களது மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்தது. தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி 1899இல் துண்டறிக்கைகள் வெளியிட்டு இதை நாடறியச் செய்தார். ஆப்பிரிக்கச் சிற்றூர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு வந்த பணம் ஸ்காட்லாந்துத் தொழிலாளியின் உடம்பிலிருந்து வந்தது என்பதை மிஷன் வெளியிட்ட புகழுரைகளில் தேடினால் கிடைக்காது.

கட்டணமும் காத்திருப்பும்

மிஷனுக்கு எதிரான முதல் முணுமுணுப்பு அதன் மாணவர்களிடமிருந்தே எழுந்தது. காரணங்கள் தெளிவானவை. பள்ளிக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. திருமுழுக்குப் பெற விரும்புவோர் ஆண்டுக்கணக்கில் வகுப்புகளில் அமர்ந்து தேற வேண்டியிருந்தது. பல மனைவியரை மணந்தவருக்குச் சபையில் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்பிரிக்கர் எவ்வளவு படித்தாலும் போதகர் பட்டம் எட்டாத உயரத்திலேயே இருந்தது.

கொண்டோவேயில் படித்து, கட்டணம் வந்தபின் வெளியேறிய எலியட் கம்வானா 1908-1909இல் டோங்கா ஊர்களில் 'காவற்கோபுரம்' இயக்கத்தின் செய்தியைப் பரப்பினார். வகுப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. சில மாதங்களில் சுமார் 10,000 பேருக்கு அவர் திருமுழுக்குக் கொடுத்தார் என்பர். அரசு 1909இல் அவரை நாடு கடத்தியது. சார்லஸ் டொமிங்கோ என்பவர் லவ்டேலிலும் படித்தவர், மிஷனின் சிறந்த ஆசிரியர்களில் ஒருவர். உபதேசிக்க உரிமம் பெற்றும் போதகராக்கப்படாத அவர் 1908 அளவில் பிரிந்து, தனியே சபையும் பள்ளிகளும் நடத்தினார். மிஷனரி, அரசு, வணிக நிறுவனம் மூன்றும் வெளித்தோற்றத்தில் வேறு, உள்ளே ஒன்றே என்ற பொருள்பட 1911இல் அவர் எழுதியது மலாவி வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது.

எசாயா செரெஞ்சி ம்வாசி, ஹெசக்கியா த்வேயா, ஜொனாதன் சிர்வா ஆகிய மூவரும் 1914இல் போதகர்களாக்கப்பட்டனர். 'இலாலா' ஏரியில் நுழைந்து 39 ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மூவரில் ம்வாசியும் 1933இல் பிரிந்து கறுப்பின மக்களுக்கெனத் தனிச் சபை அமைத்தார். லாஸ் தனிப்பட்ட முறையில் கடும் உழைப்பாளி, எளியவர். ஆனால் பொறுப்பை ஒப்படைக்க அவர் காலத்து மிஷன் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. 1927இல் அவர் நாடு திரும்பினார்.

படித்தவர்கள் சபைக்கு வெளியிலும் இயங்கினர். 1912இல் ஏரியின் வடகோடியில் உருவான வட நியாசா சுதேசி சங்கத்தில் மிஷனில் பயின்ற ஆசிரியர்களும் எழுத்தர்களுமே முன்னின்றனர். அவர்களில் ஒருவரான லெவி மும்பா 1944இல் நியாசாலாந்து ஆப்பிரிக்கக் காங்கிரசின் முதல் தலைவரானார். பண்டாவே அருகே பிறந்து மிஷனில் ஆசிரியப் பயிற்சி பெற்ற கிளெமென்ட்ஸ் கதாலி தெற்கே சென்று, 1919இல் கேப்டவுனில் கறுப்பினத் தொழிலாளரின் முதல் பெரும் சங்கத்தைத் தொடங்கினார். தெற்கிலிருந்து கோயி கொண்டுவந்த கல்வி, கதாலி வழியே தெற்குக்கே திரும்பியது.

1959

கசுங்கு என்ற ஊரின் மிஷன் பள்ளியில் படித்த ஒரு சிறுவன் ஆசிரியர் தேர்வு எழுதச் சென்றான். உயரம் குறைந்தவன், பின்னால் அமர்ந்திருந்தான். கரும்பலகையில் இருந்த கேள்வியைப் பார்க்க எழுந்து நின்றபோது, காப்பியடிப்பதாகக் கருதி மேற்பார்வையாளர் வெளியேற்றினார் என்று சொல்லப்படுகிறது. அந்த மேற்பார்வையாளர் மிஷனரி கல்லன் யங். சிறுவன் ஹேஸ்டிங்ஸ் பண்டா. மனம் நொந்த அவன் நாட்டைவிட்டே நடந்து தென்னாப்பிரிக்கா சென்றான், பிறகு அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் படித்து மருத்துவரானான். பல ஆண்டுகளுக்குப் பின் இருவரும் பிரிட்டனில் சந்தித்து, ஆப்பிரிக்க வாழ்வு பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை 1946இல் சேர்ந்தே பதிப்பித்தனர் என்பது இக்கதையின் இனிய பக்கம்.

வெள்ளையர் ஆதிக்கம் மிக்க ரொடீசியாவோடு நியாசாலாந்தை 1953இல் பிரித்தானிய அரசு இணைத்ததை மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஸ்காட்லாந்துத் திருச்சபையும் படிப்படியாக மக்கள் பக்கம் சாய்ந்தது. 1959 மார்ச் 3 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டு, தாயகம் திரும்பியிருந்த பண்டாவும் காங்கிரஸ்காரர் பலரும் சிறையிடப்பட்டனர். நாடெங்கும் கொந்தளிப்பு நிலவியது.

கொண்டோவேயில் இருந்த மிஷனரிகளின் பாதுகாப்பு குறித்து அரசு கவலைப்பட்டது. ஒரு விமானம் மேலே பறந்து செய்தி ஒன்றைப் போட்டது. அவர்களை அழைத்துச் செல்ல வேண்டுமா என்பதைத் தரையில் கற்களை அடுக்கி அடையாளம் காட்டும்படி அதில் எழுதியிருந்தது. மிஷனரிகள் கற்களை அடுக்கினர். விமானி கீழே கண்டது 'எபேசியர் 2:14' என்ற வேத எண். இரு மக்களைப் பிரித்து நின்ற சுவர் இடிந்து அவர்கள் ஒன்றானதைச் சொல்லும் வசனம் அது. விமானம் திரும்பிச் சென்றது. ஐந்தாண்டுகள் கழித்து, 1964 ஜூலை 6 அன்று, பண்டாவைப் பிரதமராகக் கொண்டு மலாவி விடுதலை பெற்றது.