புரோட்டான் சிகிச்சையும் ஃபோட்டான் சிகிச்சையும்

புற்றுநோய்க் கட்டியின் உயிரணுக்களைக் கதிர்வீச்சால் அழிக்கும் முறைகளுள், எக்ஸ் கிரணங்களையோ காமா கிரணங்களையோ பாய்ச்சுவது ஃபோட்டான் சிகிச்சை. ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய புரோட்டானைப் பெருவேகத்தில் செலுத்துவது புரோட்டான் சிகிச்சை. முன்னது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரிய முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் போன்ற ஸ்தாபனங்களின் வாயிலாகத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்பது. பின்னதோ, 2019 ஜனவரியில் சென்னைத் தரமணியில் அப்போலோ மையம் திறக்கப்பட்டபோதுதான் தென்னாசியாவுக்கே முதன்முதலாக வந்தது. 2023இல் நவி மும்பையில் டாடா நினைவு மையமும் இச்சிகிச்சையைத் தொடங்கிற்று.

இரண்டிற்கும் உள்ள பேதம், சரீரத்திற்குள் சக்தி எங்கே இறங்குகிறது என்பதில் அடங்கியுள்ளது. பூம்புகார்ப் பக்கத்து உழவர் நன்கறிந்தபடி, வாய்க்கால் நீர் தலைமடையில் மிகுந்து, வழியெல்லாம் குறைந்து கடைமடையை அடைவதைப்போல, ஃபோட்டான் கிரணமும் தோலுக்குச் சிறிது கீழே உச்சமடைந்து, படிப்படியாகத் தேய்ந்து, கட்டியையும் கடந்து மறுபுறம் வெளியேறுகிறது. புரோட்டானோ வழியில் சொற்பமாகவே சக்தியை இழந்து, தன் பயணம் முடியும் இடத்தில் எஞ்சியதனைத்தையும் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்திற்குப் 'பிராக் உச்சி' என்று பெயர். இக்குணத்தை வைத்தியத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எடுத்துரைத்தவர் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க பௌதிக அறிஞர். 1954இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை அளிக்கப்பட்டது. சுமார் 230 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள புரோட்டான், நீரில் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் ஆழம் வரை செல்லும்.

இதன் மகிமை குழந்தைகளிடத்தில்தான் பூரணமாக விளங்குகிறது. மூளைக் கட்டிக்காகத் தலையும் முதுகுத்தண்டும் முழுவதும் கதிர் பெறவேண்டிய ஒரு குழந்தைக்கு, ஃபோட்டான் கிரணம் தண்டைக் கடந்து இருதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றையும் தீண்டும். புரோட்டானால் அத்தீங்கைப் பெரும்பாலும் தவிர்க்க இயலும். இன்னும் பல்லாண்டு வாழவேண்டிய அந்த உயிருக்கு, பிற்காலத்தில் வேறொரு புற்றுநோய் நேரும் அபாயத்தைக் குறைப்பது அற்ப லாபமன்று. மண்டையோட்டின் அடிப்பாகத்துக் கட்டிகளுக்கும், முன்பே கதிர் பெற்ற இடத்தில் மீண்டும் தோன்றும் நோய்க்கும் இம்முறை விசேஷமாக உகந்தது.

ஆயினும் எல்லா நோய்க்கும் புரோட்டானே சிரேஷ்டம் என்பது சரியான அபிப்பிராயமன்று. உடல் மெலிந்தாலும், குடலில் வாயு சேர்ந்தாலும், புரோட்டான் நிற்கும் இடம் விலகக்கூடும்; அதற்காகச் சுற்றிலும் சற்று இடம் விட்டே கணக்கிட நேர்கிறது. ஃபோட்டான் கருவிகளும், பல திசைகளிலிருந்து செறிவை மாற்றிச் செலுத்தும் நுட்பத்தால், வெகுவாகத் திருந்தியுள்ளன. புராஸ்டேட் புற்றுநோயில் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்றின் முடிவுகள் 2024இல் வெளியானபோது, நோயைக் கட்டுப்படுத்துவதிலும் குடல் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. புரோட்டானுக்கு வேண்டிய யந்திரமும் கட்டடமும் பன்மடங்கு செலவு கோருபவை.

இச்சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் நடப்பதாதலால், காவிரிக் கரையிலுள்ள ஒரு குடும்பம் தரமணியை நாடுமுன், இந்த நோய்க்குப் புரோட்டான் உண்மையிலேயே அவசியமா என்று மருத்துவரைக் கேட்டறிவது கடமை. நோயாளி குழந்தையானால் அக்கேள்வியைத் தாமதமின்றிக் கேட்கவேண்டும். மற்றப் பெரும்பாலோருக்கு, அருகிலேயே உரிய காலத்தில் தொடங்கி இடைவிடாமல் முடிக்கப்படும் ஃபோட்டான் சிகிச்சையே போதுமானது.