ரிச்சர்ட் ரோட்ஸ்

ரிச்சர்ட் ரோட்ஸ் (பிறப்பு: 1937) அணு ஆயுத வரலாற்றை நான்கு நூல்களில் எழுதிய அமெரிக்க எழுத்தாளர். கேன்சஸ் மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் பிறந்த இவர், கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். மாற்றாந்தாய் இவரையும் அண்ணன் ஸ்டான்லியையும் பட்டினி போட்டு அடித்து வதைத்தார். அண்ணன் காவல்துறையிடம் முறையிட்டதால் மீட்கப்பட்ட இருவரும் மிசௌரி மாநிலத்தில் பண்ணையுடன் கூடிய சிறுவர் இல்லமொன்றில் வளர்ந்தனர். உதவித்தொகை பெற்று யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ரோட்ஸ் 1959இல் பட்டம் பெற்றார். இளமைத் துயரை 1990இல் 'எ ஹோல் இன் தி வேர்ல்ட்' நூலில் பதிவு செய்தார். கொலைகாரர்கள் உருவாகும் விதத்தையும் நாஜிக் கொலைப்படைகளையும் பற்றித் தனி நூல்கள் எழுதியவர் இவர். வன்முறை எங்கே தொடங்குகிறது, அதை எப்படித் தடுப்பது என்னும் கேள்வியே இவரது எழுத்து முழுவதையும் இணைக்கிறது. அணுகுண்டு வரலாறும் அக்கேள்வியின் ஒரு பகுதியே.

1986இல் வெளிவந்த 'தி மேக்கிங் ஆஃப் தி அட்டாமிக் பாம்' இவரது தலைசிறந்த படைப்பு. தேசியப் புத்தக விருது, தேசியப் புத்தக விமர்சகர் வட்ட விருது, புலிட்சர் பரிசு மூன்றையும் அது வென்றது. நூல் அணுகுண்டு உருவாக்கப்பட்ட லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் தொடங்கவில்லை. 1933இல் லண்டன் தெருவொன்றைக் கடக்கும்போது இயற்பியலாளர் லியோ சிலார்டுக்கு அணுக்கருத் தொடர்வினை பற்றிய எண்ணம் தோன்றியதில் தொடங்குகிறது. ரூதர்ஃபோர்டு, நீல்ஸ் போர், ஃபெர்மி ஆகிய இயற்பியலாளர்களின் ஆய்வுகளுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒதுக்கப்பட்டது வெறும் முன்னுரைக்காக அன்று. அணுப்பிளவு இயற்கையில் உள்ள உண்மை. 1938இல் பெர்லினில் அது கண்டறியப்பட்ட பின் எந்த நாடும் அதை மறைத்து வைக்க முடியாது என்பதே ரோட்ஸின் வாதம். இரகசியம் காக்காது என்றால், நாடுகள் ஒன்றுக்கொன்று திறந்திருப்பதே காக்கும். 1944இல் நீல்ஸ் போர் சர்ச்சிலிடமும் ரூஸ்வெல்ட்டிடமும் சொன்னது இதைத்தான். சர்ச்சில் அதை ஏற்க மறுத்ததை நூலின் மையத் துயரங்களுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

அணுகுண்டின் தோற்றத்தை அறிவியலிலேயே காணும் இப்பார்வை, முடிவெடுத்த அரசியல்வாதிகளின் பொறுப்பைக் குறைத்துவிடுகிறது எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. அறிவியல் தந்தது சாத்தியத்தை. நகரங்களின் மீது குண்டு வீசும் வழக்கத்தைப் போர் தந்தது என்று ரோட்ஸ் இரண்டையும் பிரித்தே காட்டுகிறார். ஹிரோஷிமா அத்தியாயத்தை உயிர் தப்பியோரின் சாட்சியங்களால் நிரப்பியதும் அதனால்தான். 1995இல் வந்த 'டார்க் சன்', சோவியத் ஆவணங்கள் வெளிவந்த பின் எழுதப்பட்டு, இரகசியம் காக்காது என்னும் வாதத்துக்குச் சான்று சேர்த்தது: உளவாளி கிளாஸ் ஃபுக்ஸ் கொடுத்த தகவல்கள் சோவியத் ஒன்றியத்தின் 1949 அணுகுண்டுச் சோதனையை விரைவுபடுத்தின, ஆனால் அறிவு ஏற்கெனவே சோவியத் இயற்பியலாளர்களிடம் இருந்தது. 'ஆர்சனல்ஸ் ஆஃப் ஃபாலி' (2007), 'தி ட்விலைட் ஆஃப் தி பாம்ஸ்' (2010) ஆகியவை பனிப்போரின் முடிவையும் பிந்தைய நிலையையும் கூறுகின்றன. பின்னர் ஆற்றல் வரலாறு (2018), உயிரியலாளர் இ. ஓ. வில்சனின் வாழ்க்கை (2021) ஆகியவற்றையும் எழுதியுள்ளார்.