13, மில்லர்ஸ் கோர்ட்: விக்டோரியா கால இலண்டனின் ஒண்டுக்குடித்தன அறையை ஆவணங்கள் வழியே அறிதல்

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) கிழக்கு இலண்டனின் ஏழை மக்கள் பெரும்பாலும் வாடகை அறைகளில் வாழ்ந்தனர். அந்தக் கட்டடங்கள் பல இன்று இல்லை. குடியிருந்தவர்களில் மிகச் சிலரே தம் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்தனர். இருந்தும் ஓர் அறையின் கதவு எங்கே இருந்தது, கட்டில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது, அடுத்த அறையில் யார் வாழ்ந்தார் என்பவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. வேறு வேறு நோக்கங்களுக்காக உருவான ஆவணங்களை ஒப்பிட்டு வரலாற்றாளர்கள் இதைச் செய்கிறார்கள். இம்முறையை விளக்க ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த மில்லர்ஸ் கோர்ட்டின் 13 ஆம் எண் அறை பொருத்தமான எடுத்துக்காட்டு.

இடம்

டோர்செட் தெருவின் வடபுறத்தில் 26, 27 ஆம் எண் வீடுகளுக்கு இடையே ஏறத்தாழ மூன்றடி அகலமுள்ள ஒரு நடை இருந்தது. அதன் வழியே உள்ளே சென்றால் சிறு வீடுகள் எதிரெதிரே நின்ற ஒரு முடுக்கு வரும். அதுவே மில்லர்ஸ் கோர்ட். 27 ஆம் எண்ணில் ஜான் மெக்கார்த்தி சில்லறைக் கடை வைத்திருந்தார். முடுக்கின் அறைகளை வாடகைக்கு விட்டவரும் அவரே. 26 ஆம் எண் வீட்டின் தரைத்தளப் பின்னறையை மரத்தடுப்பால் பிரித்து, முடுக்குப் பக்கம் வாசல் உள்ள தனி அறையாக்கியிருந்தனர். அதுவே 13 ஆம் எண் அறை.

1888 நவம்பர் 9 அன்று இந்த அறையில் மேரி ஜேன் கெல்லி என்ற இளம்பெண் கொலையுண்டு கிடந்தார். கொலையாளி யார் என்ற கேள்வியே அன்று முதல் பலரின் கவனத்தைப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த விசாரணைக்காகப் பதிவான வாக்குமூலங்கள் ஏழைகளின் குடியிருப்பைப் பற்றிய அரிய சான்றாகவும் அமைந்துவிட்டன.

இருவகை வாடகை

அக்காலத் தங்குமிடங்களில் இரண்டு வகைகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முதலாவது, ஓர் இரவுக்குக் காசு கொடுத்துப் படுக்கும் பொதுத் தங்கும் விடுதி. 1851, 1853 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி இவை பதிவு செய்யப்பட்டன. காவல்துறை இவற்றைச் சோதித்தது. 1894 இல் அப்பொறுப்பு இலண்டன் மாவட்ட மன்றத்திடம் சென்றது. இப்பகுதியில் ஒற்றைப் படுக்கைக்கு இரவுக்கு 4 பென்சும், இருவர் படுக்கைக்கு 8 பென்சும் வாங்கினர்.

இரண்டாவது, வார வாடகைக்கு விடப்பட்ட தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய தனி அறை. விடுதிகளுக்கான பதிவும் காவல்துறைச் சோதனையும் இதற்கு இல்லை. ஆகவே விடுதிப் பதிவேடுகளில் 13 ஆம் எண் அறையைத் தேடிப் பயனில்லை.

இந்த அறையின் வாடகை வாரத்துக்கு 4 ஷில்லிங் 6 பென்சு. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்சு என்பதால் இது 54 பென்சு; ஓர் இரவுக்கு எட்டுப் பென்சுக்குச் சற்றுக் குறைவு. அதாவது விடுதியின் இருவர் படுக்கைக்குக் கொடுக்கும் காசில் தனிக்கதவும் நெருப்பிடமும் கிடைத்தன. கெல்லி இறந்தபோது வாடகை பாக்கி 29 ஷில்லிங் இருந்ததாக மெக்கார்த்தி சொன்னார். கணக்கிட்டால் அது ஏறத்தாழ ஆறரை வார வாடகை.

வரைபடங்கள் தரும் எல்லை

அறையின் அமைப்பை அறிய முதலில் நிலப்படங்களைப் பார்க்க வேண்டும். 1870களில் பிரித்தானிய நில அளவைத் துறை இலண்டனை ஒரு மைலுக்கு ஐந்தடி என்ற அளவில் வரைந்தது. இதில் ஓர் அங்குலம் தரையில் 88 அடி. பன்னிரண்டு அடி அறை படத்தில் மூன்றரை மில்லிமீட்டர்தான் வரும். வீட்டின் வெளிச்சுவர், நடை, முடுக்கின் வடிவம் ஆகியவற்றை அதில் காணலாம். உள்தடுப்புகளைக் காண முடியாது.

1880களின் நடுவிலிருந்து சார்லஸ் கோட் என்பவரின் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காகத் தயாரித்த படங்கள் இன்னும் பெரியவை. ஓர் அங்குலத்துக்கு 40 அடி. செங்கல், மரம் போன்ற கட்டுமானப் பொருள்களை வண்ணத்தாலும், மாடிகளின் எண்ணிக்கையைக் குறியாலும் காட்டின. தீப்பிடித்தால் இழப்பு எவ்வளவு என்பதே அவற்றின் கேள்வி. உள்ளே எத்தனை பேர் உறங்கினர் என்பது அன்று.

வாக்குமூலங்களிலிருந்து அறையை வரைதல்

படம் நிற்கும் இடத்திலிருந்து சாட்சிகளின் சொற்கள் நம்மை அழைத்துச் செல்கின்றன. மரண விசாரணை 1888 நவம்பர் 12 அன்று ஷோர்டிச் நகர மண்டபத்தில் நடந்தது. மருத்துவர் ஜார்ஜ் பாக்ஸ்டர் பிலிப்ஸ், கதவைத் திறந்தபோது அது கட்டிலின் இடப்பக்கத்தில் இருந்த மேசைமேல் இடித்தது என்றும், கட்டில் மரத்தடுப்பை ஒட்டிக் கிடந்தது என்றும் கூறினார். இதிலிருந்து மூன்று செய்திகள் தெரிகின்றன: கதவு உட்புறமாகத் திறந்தது, கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு மேசைக்கே இடம் இருந்தது, கட்டில் தெருப்பக்கத் தடுப்பை ஒட்டியிருந்தது.

கதவின் சாவி தொலைந்துவிட்டதால், உடைந்த சன்னல் வழியே கைவிட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்துவந்தனர் என்று காவல் ஆய்வாளர் அபர்லைன் சொன்னார். குற்ற விசாரணைக்குத் தேவைப்பட்ட இச்செய்தி நமக்கு ஓர் அளவுகோலும் ஆகிறது: அந்தச் சன்னலுக்கும் தாழ்ப்பாளுக்கும் இடைவெளி ஒரு கை எட்டும் தூரமே. அக்காலத்தில் எடுத்த வெளிப்புற ஒளிப்படத்தில் இரண்டு சன்னல்களும் தெரிவதால், சொல்லும் படமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கலாம்.

எண்களும் பேசுகின்றன. முடுக்கில் இருந்த வீடுகள் சிலவே. ஆனால் சாட்சிகள் 13, 20 என்று எண் சொல்கிறார்கள். ஆகவே இவை வீட்டு எண்கள் அல்ல, அறை எண்கள் என்று கொள்ள வேண்டும். ஒரு வீடு பல குடித்தனங்களாக உடைந்திருந்தது என்பதை அந்த எண்களே காட்டிவிடுகின்றன.

குடியிருந்தவர்கள்

அறை 5 இல் மேரி ஆன் காக்ஸ் என்ற கைம்பெண் வாழ்ந்தார். அது முடுக்கின் கடைசி வீட்டில் இருந்தது. நள்ளிரவுக்குப் பின் அவர் வந்துபோனபோது, ஒரு மணி அளவில் கெல்லியின் அறையில் விளக்கு எரிந்ததையும், மூன்று மணிக்கு அது அணைந்திருந்ததையும் கண்டார். உள்வீட்டுக்காரர்கள் கெல்லியின் அறையைக் கடந்தே போகவேண்டியிருந்தது என்பதால் இது இயல்பே.

எலிசபெத் பிரேட்டர் 20 ஆம் எண் அறையில், மாடியில் இருந்தார். தம் அறை கொட்டகைக்கு மேலே என்றார். 26 ஆம் எண்ணின் தெருப்பக்கத் தரைத்தளம் அப்போது சாமான் போடும் கொட்டகையாக இருந்தது. கெல்லியின் அறை தமக்குக் கீழே என்றும் அவர் சொன்னார். அப்படியானால் அவர் தூங்கியது தெருப்பக்க அறையிலா, பின்னறையிலா? ஆய்வாளர்கள் இதில் வேறுபடுகின்றனர். தடுப்பு மெல்லியது, கெல்லி நடந்தால் கேட்கும், மாடிப்படி ஏறும்போது அவர் அறையில் விளக்கிருந்தால் வெளிச்சம் தெரிந்திருக்கும் என்ற பிரேட்டரின் கூற்று மட்டும் ஒன்றைக் காட்டுகிறது: படிக்கட்டு அந்தத் தடுப்பை ஒட்டியே சென்றது. இரவில் ஓர் அலறலைக் கேட்டும் அவர் எழவில்லை. அங்கே அது அடிக்கடி கேட்கும் சத்தம் என்பதே அவர் சொன்ன காரணம்.

வாடகை கொடுத்தவர் மட்டுமே அறையில் இருந்தார் என்றும் எண்ணக்கூடாது. கெல்லியோடு வாழ்ந்த ஜோசப் பார்னெட், அவர் வேறு பெண்களை அறையில் தங்கவைத்ததால் அக்டோபர் 30 அன்று பிரிந்து சென்றதாகக் கூறினார். மரியா ஹார்வி என்ற பெண் அதன்பின் இரண்டு இரவு அங்கே தங்கினார். சாரா லூயிஸ் என்பவர் 2 ஆம் எண்ணில் இருந்த கெய்லர் குடும்பத்தாரிடம் வந்து, நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். போக்கிடம் இல்லாதவருக்கு அறை உள்ளவர் இடம் கொடுத்திருக்கிறார். எந்த வாடகைக் கணக்கிலும் இவர்கள் வரமாட்டார்கள்.

குடிமதிப்பின் பயனும் குறையும்

குடியிருந்தோர் பெயர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிமதிப்பே முதன்மைச் சான்று. கணக்கெடுப்பாளர்கள் ஒரு கட்டடம் முடிந்தால் இரட்டைச் சாய்கோடும், ஒரே கட்டடத்தில் ஒரு குடும்பம் முடிந்தால் ஒற்றைச் சாய்கோடும் இட்டனர். 1891 இல் ஐந்துக்கும் குறைவான அறைகளில் வாழ்வோர், எத்தனை அறைகள் என்று குறிக்கவும் புதிய கட்டம் வந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் என்பதை இதன்மூலம் கணக்கிடலாம்.

ஆனால் குடிமதிப்பு ஓர் இரவின் கணக்கு. 1881 ஏப்ரல் 3 க்கும் 1891 ஏப்ரல் 5 க்கும் இடையே வந்து, வாழ்ந்து, போனவர்கள் அதில் இல்லை. கெல்லி இந்த அறையில் இருந்தது ஏறத்தாழ பத்து மாதங்களே. எனவே 1891 ஆம் ஆண்டுப் பட்டியலை 1888 க்குப் பொருத்துவது பிழை. வாரம்தோறும் ஆள் மாறும் இடத்தில் மூன்றாண்டு என்பது மிக நீண்ட காலம்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

ஓர் ஆவணத்தைக் கையில் எடுக்கும்போது, இதை எழுதியவருக்கு என்ன தேவைப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். காப்பீட்டாருக்குச் சுவர் தேவை. வீட்டுக்காரருக்குப் பாக்கித் தொகை தேவை. காவல்துறைக்குக் குற்றவாளி தேவை. ஏழையின் வாழ்க்கை இவர்களில் எவருடைய நோக்கமும் அன்று. அது இடையில் தற்செயலாகப் பதிவானது. அடுத்து, சாட்சி நேரில் சொன்னதையும் நாம் ஊகிப்பதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். கட்டில் தடுப்பை ஒட்டியிருந்தது என்பது சாட்சியம். படிக்கட்டு தடுப்பை ஒட்டிச் சென்றது என்பது அனுமானம். வரைபடத்தில் இரண்டையும் ஒரே கோட்டால் வரையக்கூடாது.

டோர்செட் தெரு 1904 இல் டுவால் தெரு எனப் பெயர் மாறியது. மில்லர்ஸ் கோர்ட் இருந்த வடபுறம், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தையின் விரிவாக்கத்துக்காக 1928 இல் இடிக்கப்பட்டது. விசாரணையின் தாள்கள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. காக்ஸ், பிரேட்டர், ஹார்வி போன்ற பெண்களின் குரல் நமக்கு எட்டியது, பக்கத்து அறையில் ஒருத்தி கொல்லப்பட்டதால்தான். கொலை நடக்காத நூற்றுக்கணக்கான முடுக்குகளில் வாழ்ந்தவர்களை யாரும் அழைத்து விசாரிக்கவில்லை. ஓர் அறையை அளந்து அறியும் இந்த முயற்சி, அவர்களும் இப்படித்தான் ஒண்டி வாழ்ந்திருப்பார்கள் என்பதை நம்மால் இயன்ற அளவு காட்டுகிறது.