கார்ட்டூன்தான்... ஆனா குழந்தைகளுக்கு இல்ல! சென்சாரையே கலாய்த்த 'சவுத் பார்க்' கேம்

1997 முதல் அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் சேனலில் வரும் கார்ட்டூன் தொடர் 'சவுத் பார்க்'. அதை வைத்து உருவான ரோல் பிளேயிங் கேம்தான் 'தி ஸ்டிக் ஆஃப் ட்ரூத்'.

ஊருக்குப் புதுசா குடிவந்த, வாயே திறக்காத சிறுவன்தான் நீங்கள். தெருப் பசங்க மனிதர்கள், எல்ஃப்கள் என இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து ஒரு குச்சிக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஆமாம், வெறும் குச்சி! அது யார் கையில் இருக்கோ அவங்கதான் உலகத்தையே ஆள்வாங்களாம். நீங்கள் என்ன பெயர் டைப் செய்தாலும், கார்ட்மேன் அதைக் கண்டுக்காமல் ஒரு திட்டு வார்த்தையைத்தான் பெயராக வைப்பான்.

தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் இருவரும்தான் கதை, வசனம், முக்கியக் குரல்கள் எல்லாம். கேமை உருவாக்கியது அப்சிடியன். ஆனால் பாதி வேலையில் வெளியீட்டு நிறுவனமான டிஎச்கியூ திவாலானது. 2013-ல் நடந்த ஏலத்தில் யூபிசாஃப்ட் சுமார் 32 லட்சம் டாலருக்கு உரிமையை வாங்கியதால்தான் கேம் தப்பியது.

2014 மார்ச்சில் வெளியானபோது அடுத்த சிக்கல். ஐரோப்பாவின் கன்சோல் பதிப்புகளிலும், ஆஸ்திரேலியாவிலும் சில காட்சிகள் வெட்டப்பட்டன. சும்மா விடுவார்களா? வெட்டிய காட்சியில் என்ன இருந்தது என்பதை எழுத்தில் விவரித்து, அதே இடத்தில் கார்டு போட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அழும் கோலா படம், ஐரோப்பாவுக்கு முகத்தில் கை வைத்த சிலை. காட்சியைவிட அந்த கார்டுதான் செம காமெடி!

ஜெர்மனியில் நாஜி சின்னங்களால் ரிலீஸே தள்ளிப்போனது. 2017-ல் அடுத்த பாகமும் வந்துவிட்டது.